சவரிமுத்து சார் தேடிய ஸ்பீக்கர்

களம்பூரில் அரிசி ஆலை வாசலில் மூட்டைக்குக் காத்திருந்தபோது சவரிமுத்து சாரின் மகள் ஜெனியின் அழைப்பு வந்தது. "அங்கிள், அப்பா காலைல எழுந்திரிக்கல. டாக்டர் வந்து பாத்துட்டுப் போய்ட்டாருங்க." அரிசியை விட்டுவிட்டு ஆரணிப் பேருந்தில் ஏறினேன். அவரிடம் சொல்லவேண்டிய ஒன்றை இனிமேல் சொல்ல முடியாது என்பது மட்டுமே வழியெல்லாம் மனத்தில் ஓடியது.

எங்கள் பள்ளி அலுவலகத்தின் எழுத்தராகத்தான் சவரிமுத்து சாரை உங்களில் பலர் அறிவீர்கள். அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் விசைத்தறி ஓட்டியவர். ஒரே தகரக் கூரையின் கீழ் பன்னிரண்டு தறிகள். ஆசிரியர் கூட்டங்களில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்து, பேசுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். மரியாதை என்று நினைத்தோம்.

அவருடைய மனைவி ரெஜினா மாதா கோயில் பாடகர் குழுவில் பாடியவர். அவர் இறந்தபின் மிஞ்சியது ஒரு கிறிஸ்துமஸ் பாடலின் ஒலிப்பதிவு மட்டுமே. ஒருநாள் மதிய இடைவேளையில் சார் என்னிடம் வந்தார். "போன்ல கேட்டா அவ குரலே இல்ல சார். நல்ல செட்டா ஒண்ணு வாங்கணும். உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும், கூட வாங்க."

நான் இயற்பியல் ஆசிரியன். ஆம்ப்ளிஃபையர் செய்து பார்க்கும் பைத்தியமும் உண்டு. ஐந்தாறு பெட்டிகள் வரும் ஹோம் தியேட்டர் வேண்டாம், அந்தப் பணத்துக்கு இரண்டே நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம் என்றேன். பாட்டை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ரிசீவரைப் பழையதாகவே பார்க்கலாம் என்றேன். எல்லாவற்றையும் ஒரு பழைய சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். "துட்டு கம்மின்னா காது ஜாஸ்தியா வேணும்" என்று மற்றவர்களிடம் சொல்லிச் சிரிப்பாராம்.

வேலூரில் முதல் கடை. பென் டிரைவைக் கொடுத்துப் பாடலைப் போடச் சொன்னார். ரெஜினாவின் குரல் அறை முழுக்க நிறைந்தது. இரண்டாம் அடிக்கு முன் அவர் மூச்சு எடுத்ததுகூட எனக்குக் கேட்டது. சார் முகம் சுருங்கியது.

"இன்னா சார், போர்வைய போத்திகினு பாடற மாதிரி கீது?"

அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. இரைச்சலில் காது கெட்டால் கீச்சொலிகள் முதலில் போகும், அதன்பின் சொற்களின் கூர்மை போகும் என்று ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். தறிக்கூடம் அவர் காதைத் தின்றிருந்தது. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாங்க, ஸ்பீக்கர் சுமார்தான்" என்றேன். கடைக்காரர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

அப்படியே இரண்டு வருடம். வேலூரில் இன்னும் மூன்று கடைகள், சென்னையில் ஒன்று. நல்ல ஸ்பீக்கர்களையெல்லாம் நான் வாய் கூசாமல் பழித்தேன். திரும்பும் பேருந்தில் அவர்தான் எனக்கு ஆறுதல் சொல்வார். "விடுங்க சார். எங்கியோ ஒரு பெட்டியில அவ இருப்பா."

போன ஆண்டு, அலைந்தது போதும் என்று ஒரு ஜோடி ஸ்பீக்கரும் பழைய ரிசீவரும் வாங்கினோம். வீட்டில் நான்தான் ஒயர் இணைத்தேன். கீச்சொலியைக் கூட்டும் ட்ரெபிள் குமிழை அவர் கடைசிவரை திருகினார். அப்படியும் போதாமல் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். ஜெனி சமையலறையிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"அப்பா, காது கிழியுது. இத எப்படிப்பா கேட்டுகினு கீறீங்க?"

சார் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

காது மருத்துவரிடம் நான்தான் அழைத்துப் போனேன். பரிசோதனைத் தாளில் கேட்கும் திறனைக் காட்டும் கோடு பாதியிலேயே கீழே விழுந்திருந்தது. காதில் கருவி வைத்தால் பேச்சுக்கு உதவும், பாட்டு பழையபடி கேட்கும் என்று சொல்ல முடியாது, இரண்டு மூன்று வருடம் முன்னால் வந்திருந்தால் இன்னும் நன்றாகப் பழகியிருக்கும் என்றார் மருத்துவர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் சார்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"இல்லீங்க."

"சரி," என்றார்.

அந்தச் செட்டை அவர் மறுபடி போடவே இல்லை. வாங்கிய காதுக் கருவியும் பெட்டியிலேயே கிடந்தது. நான் போனால் டீ கொடுப்பார், பள்ளிக் கதை பேசுவார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் போனேன். ஒவ்வொரு முறையும் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். அப்படியே எட்டு மாதம் ஓடிற்று.

அடக்கம் முடிந்த மறுவாரம் ஜெனி செட்டை ஆட்டோவில் ஏற்றி என் வீட்டுக்கு அனுப்பினாள். "பாட்டு என் போன்ல கீது அங்கிள். இது வீட்ல இருந்தா எனக்கு ஆவாது." பென் டிரைவ் ரிசீவரிலேயே செருகியிருந்தது.

நேற்று மாலை இணைத்துப் போட்டுப் பார்த்தேன். ரெஜினாவை நான் உயிரோடு நான்கைந்து முறை பார்த்திருப்பேன். இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவருடைய ஒவ்வொரு எழுத்தும் எனக்குச் சுத்தமாகக் கேட்கிறது. சவரிமுத்து சார் எனக்கு விட்டுப்போனது இதுதான்.