காந்தத்துக்குள் போகாத அண்ணன்

கும்மிடிப்பூண்டியில் ஒரு ஸ்டீல் கம்பெனியில் எனக்கு கிரைண்டிங் வேலை. என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையில் ஓரளவு நன்றாக இருக்கிறான். ஆனால் கை மட்டும் மெதுவோ மெது. அவன் சட்டைக்குப் பட்டன் போட்டு முடிப்பதற்குள் நான் குளித்து, நாஷ்டா சாப்பிட்டு, பைக்கையும் துடைத்துவிடுவேன். "சோம்பேறி!" என்று ஒரு கத்து கத்திவிட்டுத்தான் தினமும் வேலைக்குக் கிளம்புவேன்.

சென்னையில் அவன் காட்டும் ஆஸ்பத்திரியில், இந்த நோய் உள்ளவர்களின் கை அசைவை மூளை எப்படி நடத்துகிறது என்று ஸ்கேன் எடுத்து ஆராய்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத அண்ணன் தம்பிகளும் வேண்டுமாம். ஸ்கேன் மெஷினின் குழாய்க்குள் படுக்கவேண்டும் என்றதும் தம்பிக்கு வெலவெலத்துவிட்டது.

"நீ மொதல்ல உள்ள போய்ட்டு வாணா. அப்பறம் நான் போறேன்."

எனக்கென்ன பயம்? புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

மோதிரம், பெல்ட், போன் எல்லாவற்றையும் கழற்றி வைத்தேன். ஸ்கேன் எடுக்கும் பெண் படிவத்தைப் பார்த்துக் கேட்டார்: "கண்ணுல எப்பவாவது இரும்புத் தூள் விழுந்திருக்கா?"

"அது வாரா வாரம் உழும் மேடம். காந்தத்த கண்ணுகிட்ட கொண்டாந்து நாங்களே எடுத்துக்குவோம்," என்றேன் பெருமையாக.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உள்ள இருக்கறதே பெரிய காந்தம் சார். கண்ணுல மிச்சத் தூள் ஏதாவது இருந்து நகர்ந்தா கண்ணே போயிடும். நீங்க உள்ள போகக் கூடாது."

அட கடவுளே! அத்தனை வீராப்பு பேசியவன் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

தம்பி என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். போச்சு, ஊருக்குக் கிளம்பலாம் என்பான் என்று நினைத்தேன்.

"இன்னா பண்லாம்டா?" என்றேன்.

"நீ இங்கயே குந்திகினு இரு," என்று சொல்லிவிட்டு அவனே உள்ளே போனான்.

அரை மணி நேரம். விளக்கு எரியும்போதெல்லாம் விரலால் பட்டனை அழுத்த வேண்டும். பயந்தால் அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்தும் கொடுத்திருந்தார்கள். அதை அவன் அமுக்கவேயில்லையாம். எனக்குத்தான் வெளியில் வியர்த்துக் கொட்டியது.

வெளியே வந்ததும் நேராக, இந்த ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மாவிடம் போனான். "என் கை ஸ்லோவா கீதே மேடம், அது சோம்பேறித்தனமா?"

"உன் ஒருத்தன் படத்த வெச்சு எதுவும் சொல்ல முடியாதுப்பா. நிறைய பேரோடத சேர்த்துப் பார்க்கணும். ஆனா இந்த நோய்லயே கை மெதுவாகறது உண்டு. மாத்திரையாலயும் ஆகலாம். சோம்பேறித்தனம் இல்ல."

தம்பி மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினான்.

"அத ஒரு சீட்டுல எழுதி, கையெழுத்து போட்டுக் குடுங்க மேடம். ஊட்ல காட்டணும்."

எங்கள் வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.