மடுவத்துத் திரையில் நின்ற ‘இல்லை’

பன்வில மலையில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் புதுத் தராசு வந்த அன்று, அதோடு ஒரு சின்னத் திரையும் வந்தது. எங்கள் பெயரெல்லாம் அதில் வரிசையாக நின்றன. ஒவ்வொரு பெயருக்கும் நேரே கொழுந்து பூச்சியம், வேலைக்கு வந்தது ‘இல்லை’. அந்தத் திரையை ஓட்டும் புரோகிராமை எழுதியவள் கண்டியில் வேலை செய்யும் என் மகள். தோட்டத்துத் துரைக்கு அதை இயக்கிக் காட்டத்தான் வந்திருந்தாள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. கூடையோடு கடைசியில் ஒதுங்கி நின்றேன்.

பக்கத்து லயத்து வீட்டு அக்காதான் சத்தம் போட்டார். “ஏ பாப்பா, விடிஞ்சதுலருந்து மலையில நிக்கிறோம். ஒன் மிசினு வேலைக்கே வரலங்குது!”

மகள் சிரித்தாள். “நாம ஒன்னும் சொல்லாட்டி அது தானா அப்படித்தான் வச்சிக்கிரும் பெரியம்மா. எண்ணுன்னா பூச்சியம். ஆமாவா இல்லையான்னா, இல்ல. ஆளுக்கு ஆள் தனித்தனியா இருக்கு, நிறுத்தா மாறிரும்.” சாக்குக்கென்று கழிக்கிற எடை மட்டும் எல்லாருக்கும் பொதுவாக ஒரே இடத்தில் இருக்கிறதாம். அதையும் யாரும் சொல்லாவிட்டால் பூச்சியம்தானாம்.

“அத மட்டும் அப்படியே விட்டுரு தாயி!” என்றார் அக்கா. மடுவமே சிரித்தது.

நிறுத்து முடிந்தபோது எல்லார் வரியும் மாறியிருந்தது, ஒருத்தியுடையதைத் தவிர. குளவி கொட்டி, கொழுந்தை மலையிலேயே போட்டுவிட்டு டிஸ்பென்சரிக்குப் போனவள் அவள். “மெசின் இல்லன்னா இல்லதான்” என்றார் துரை. அப்படியானால் வேலைக்கு வந்ததாக அவளுக்கு அன்றைய பேர் விழாது, சம்பளமும் கிடையாது. மகளின் முகம் மாறிவிட்டது. அவள் பேசாமல் இருந்திருந்தால் துரை மெசினை மெச்சிக்கொண்டே போயிருப்பார்.

“மெசின்ல பிழை இல்ல சேர், பிழை என்னுது. நான் ஒன்னும் சொல்லாம விட்டதாலதான் அதுவா ‘இல்ல’ன்னு வச்சிருக்கு. வராததும் இன்னும் நிறுக்காததும் ஒன்னில்ல.” சொல்லிவிட்டுச் சாக்கு மேலேயே உட்கார்ந்து அதை மாற்றினாள். நிறுக்காதவள் வந்தாளா என்று இனி ஆளைக் கேட்டுத்தான் போட முடியும் என்றாள். துரை எங்களைப் பார்த்தார். “வந்தா சேர்!” என்று எல்லாரும் ஒன்றாகச் சொன்னோம். நானும் சொன்னேன். அவளுக்குப் பேர் விழுந்தது.

அக்கா என் விலாவில் இடித்தார். “வாயில்லாத ஒனக்கு இது எப்படிடி பொறந்துச்சு?”

இப்போது நான் மலைக்குப் போவதில்லை. மடுவத்துப் பக்கம் போனால் மட்டும் எட்டிப் பார்ப்பேன். அஞ்சாம் வகுப்புப் படிப்புக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். காலையில் எல்லாப் பெயருக்கும் நேரே ‘இன்னும் நிறுக்கவில்லை’ என்று இருக்கிறது. யாரையும் கேட்காமல் அங்கே ஒருத்தியும் ‘இல்லை’ ஆவதில்லை. அந்த ‘இன்னும்’ என்ற சொல்லை அங்கே வைத்தவள் என் மகள்.