இந்த நம்பர் வந்துச்சா?

திருடுபோன பழைய கார் ஒன்றைத் துரத்திப் பிடிக்கும் சாகச நாவல் எழுதிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு அத்தியாயம் முடிந்திருந்தது. என் நாயகன் டயர் தடத்தைப் பார்த்தே திருடனின் சொந்த ஊரைச் சொல்லிவிடுவான். எனக்கோ பழைய காரில் கியர் எந்தப் பக்கம் இருக்கும் என்றுகூடத் தெரியாது. அதனால் ‘ஆராய்ச்சி’ என்று பெரிதாகச் சொல்லி அக்கா வீட்டுப் பச்சைக் காரை இரவல் கேட்டேன்.

கல்யாணத்தன்று அத்தானும் அக்காவும் அதில்தான் கோயிலுக்குப் போனார்கள். இப்போது அத்தானுக்கு மறதி நோய். அக்காவையே யாரென்று கேட்கிறார். ஆனால் சாயங்காலம் ஐந்து மணியானால் தானே போய் அந்தக் காரில் உட்கார்ந்துகொள்வார். அவர் சிரிப்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

“அஞ்சு மணிக்குள்ள கொண்டாந்துரு தம்பி. உன் கதையில விட்டுட்டு வந்துராத” என்றாள் அக்கா.

வழியில் கோலா கெத்தில் ஊரில் ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட இறங்கினேன். சாவியைக் காரிலேயே விட்டுவிட்டேன். திருட்டைப் பற்றிப் பன்னிரண்டு அத்தியாயம் எழுதியவன்! இரண்டாவது ரொட்டிக்குக் கறி ஊற்றச் சொல்லித் திரும்பினால், காரைக் காணோம்.

போலீசில் புகார் கொடுத்தேன். அன்று சாயங்காலம் அத்தான் வெறும் கொட்டகையில் ஒரு மணி நேரம் நின்றுகொண்டே இருந்தார். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன். திகாம் பத்து ஊர் வரை ஒரு கடை விடவில்லை. கார் எண்ணையும் என் போன் எண்ணையும் எழுதிய சீட்டை நீட்டி, “அண்ணே, இந்த நம்பர் வந்துச்சா?” என்று கேட்டேன். எல்லோரும் அக்கறையாகக் குறித்துக்கொண்டார்கள். நம் ஆட்களுக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கடைசியில் ஒரு முடிவெட்டும் கடைக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “வரலியே. கனவுல கெடச்சதா, கோயில்லயா?”

அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் நம்பர் வந்துச்சா என்றால் நாலு நம்பர் லாட்டரியில் விழுந்ததா என்றல்லவா அர்த்தம்!

“அய்யோ, களவு போன காடி நம்பர்ணே, பச்சக் காரு!”

அவர் முகம் இன்னும் மலர்ந்தது. “அப்ப கண்டிப்பா அடிக்கும்லா!”

அதற்குள் என் சீட்டு போனுக்குப் போன் பறந்துவிட்டிருந்தது. மூன்றாம் நாள் பண்டார் பாருவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். “அண்ணே, நான் எடுத்த நம்பரு இங்க செம்பனைத் தோட்டத்து ஓரமா நிக்குது. சீக்கிரம் வாங்க, கூட்டம் சேருது.”

பழைய இன்ஜின் பாதி வழியில் நின்றுபோக, திருடன் காரைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். முன்னால் சூடம் எரிந்தது. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம், பானட்டில் சாமந்தி மாலை. என் நாயகன் பாய்ந்து மீட்க வேண்டிய இடத்தில், நான் வரிசையில் நின்று விபூதி வாங்கிக்கொண்டேன். அந்த நம்பரில் பணம் கட்டியிருந்த மெக்கானிக் ஒருவர்தான் இன்ஜினைக் கிளப்பிக் கொடுத்தார்.

ஐந்து மணிக்குச் சற்று முன்பு கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினேன். மாலையைக் கழற்ற நேரமில்லை. அத்தான் வந்தார். மாலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

“இன்னும் சேல மாத்தலியா? முகூர்த்தத்துக்கு நேரமாச்சு.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அத்தான் பக்கம் போனேன். அவர் என் தோளைத் தட்டினார்.

“டிரைவர், பொண்ணு ஏறட்டும். மெதுவா ஓட்டுப்பா.”