சிவப்புக் கோடு விழுந்த எட்டுப் பேர்

சூளையிலிருந்து இறங்குகிற பீங்கான் சரக்கைப் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பதுதான் பல வருடம் என் வேலை. செக்கர் என்பார்கள். சாமானை இடது உள்ளங்கையில் நிறுத்தி, வலது கை விரல் முட்டியால் ஒரு தட்டு. கணீரென்றால் நல்லது. பொத்தென்றால் உள்ளே விரிசல். விரிசல் உள்ளதற்கு அடியில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுப்பேன். கோடு விழுந்தது ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் உடைசல் குவியலுக்குப் போகும்.

உடனே போகாது, அதையும் சொல்ல வேண்டும். ஒருத்தர் கோடு போட்டதை இன்னொருத்தர் வாங்கித் தட்டிப் பார்த்த பிறகுதான் வீச வேண்டும் என்று எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். பியூஸ் கட்டையே தட்டிப் பழகியவனுக்கு ஊறுகாய் ஜாடியின் சத்தம் பிடிபடாது. எனக்கு இரண்டாவது ஆளாக ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் ஒருவர் இருந்தார். ஒரு காது மந்தம். ஆனால் அந்தக் காதுப் பக்கமே சாமானைப் பிடித்துத் தட்டுவார். "காதுல கேக்கறதுக்கு முன்னாடி வெரல்ல கேக்குதுய்யா" என்பார். சாப்பாட்டு மணி நெருங்கினால் மட்டும் அவருக்கு எல்லாமே பொத்தென்று கேட்கும். அவர் காப்பாற்றிய ஜாடிகள் இந்தப் பக்கத்து வீடுகளில் இன்னமும் எலுமிச்சங்காய் ஊறப்போட்டபடி இருக்கின்றன.

அந்த வழக்கத்தை நானே ஒருநாள் மறந்தேன். அது சூளையடியில் இல்லை, ஜங்ஷன் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம், எஸ்டிடி பூத்து வைத்திருந்தவர்கள் கண்ணாடிக் கூண்டைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்ட காலம். என் மகள் அப்போது ஒரு ஷெட்டில் கூலிக்கு அகல் விளக்கு வார்த்துக்கொண்டிருந்தாள். கூட ஏழு பெண்கள். தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டு காலியாகிறது, மகளிர் குழு எழுதிப் போட்டால் கிடைக்கும், ஷெட்டு கிடைத்தால் பொதுச் சூளையில் முறை உண்டு என்று பேச்சு வந்தது. என் மகள் அவசரக்காரி. கேள்விப்பட்ட வாரமே முதலாளியிடம் நின்றுகொள்கிறோம் என்று சொல்லிவிட்டாள். அவர் மறுநாளே வேப்பூர் பக்கத்திலிருந்து வேறு ஆட்களை இறக்கிவிட்டார். ஆக, அந்த ஷெட்டு வந்தால் எட்டு வீட்டில் அடுப்பு எரியும். வராவிட்டால், விட்ட இடத்தில் போய்க் கெஞ்சவும் முடியாது.

ஷெட்டுக்கு ஒரு ரிப்போர்ட்டு கேட்டார்கள். இங்கிலீஷில் வேண்டும், காகிதத்திலும் வேண்டும், ஃபிளாப்பியிலும் வேண்டும். ஃபிளாப்பியிலிருந்து ஆபீஸ்காரர் பெயர்களை எடுத்துத் தன் பட்டியலில் போட்டுக் கமிட்டிக்கு அனுப்புவாராம். மகள் மற்ற காகிதங்களுக்கு அலைந்துகொண்டிருந்தாள். டைப் அடிக்கிற வேலையை என்னிடம் விட்டாள்.

சென்டர் வைத்திருந்தது பெண்ணாடத்துப் பெண். புருஷன் சர்க்கரை ஆலையில். தினம் பஸ்ஸில் வந்து போவாள். என்னைப் பெரிப்பா என்பாள். படபடவென்று அடித்து முடித்து, பெட்டியை என் பக்கம் திருப்பினாள். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது. தமிழே பஸ் போர்டு பார்த்துக் கற்றதுதான். ஆனால் கண்ணில் பட்டது ஒன்று. பத்திக்குப் பத்தி, வார்த்தைகளுக்கு அடியில், நெளிநெளியாகச் சிவப்புக் கோடு.

"இது என்னம்மா?"

"அது ஒண்ணுமில்ல பெரிப்பா. அதுக்குத் தெரியாத வார்த்தன்னா கோடு போடும். பிரிண்டுல வராது."

"ஃபிளாப்பியில வருமா?"

"தொறந்து பாத்தா தெரியும்."

"அப்ப கழிச்சிடு."

"எல்லாம் ஆளுங்க பேரு, ஊரு பேரு பெரிப்பா. இருந்துட்டுப் போவட்டுமே."

"சோடைச் சரக்க எவன்மா ஆபீஸுக்கு அனுப்புவான்? செவப்பு விழுந்தா கழிக்கணும். அதுக்கு எது நல்லதுன்னு அதுக்கே தெரியுமா?"

"தெரியும். பக்கத்துலயே சொல்லும்."

"அது சொல்றத வை."

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். ஐந்தரை பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கிளிக் கிளிக்கென்று அமுக்கினாள். கோடுகள் ஒவ்வொன்றாக அழிந்தன. கடைசிக் கோடு போனதும் பளிங்கு மாதிரி இருந்தது பக்கம். முதல் தரச் சரக்கு என்று எனக்குள் ஒரு மிதப்பு. அந்த மிதப்போடு போய்ப் பேட்டை ஆபீஸில் கொடுத்துவிட்டு, மணிமுத்தாற்றுப் பாலத்தில் நின்று ஒரு சுருட்டுப் பிடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நான்காம் நாள் மகள் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சுருட்டை அணைத்தேன்.

"என்னாப்பா பண்ணி வச்சிருக்கீங்க? ஒரு பேரும் ரேஷன் கார்டோட ஒத்துப்போவல. மங்கலம்பேட்டைக்காரிக்கு ஏதோ தொரை பேரு போட்டிருக்குது. ஊரெல்லாம் வேற எங்கியோ இருக்குது. ஆபீஸ்ல சிரிக்கறாங்க."

நான் நடந்ததைச் சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து காகிதத்தை நாலாக மடித்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"வெள்ளிக்கெழம கமிட்டி. அதுக்குள்ள சரியா குடுத்தா எடுத்துக்கறேன்னு ஆபீஸ்காரரு சொன்னாரு. இல்லன்னா அடுத்த மனு ஒண்ணு இருக்குதாம், அவங்களுக்குப் போயிடும்."

அன்றைக்குத் திங்கள். மங்கலம்பேட்டைக்காரியைக் குழுவில் அன்றிலிருந்து எல்லாரும் தொரசானி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் "சொல்லுங்கடி, தொரசானிக்கு டீ வரல?" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்தார்கள்தான். ஆனால் அந்த வாரம் எட்டுப் பேருக்கும் கூலி இல்லை.

எனக்குத் தூக்கம் வரவில்லை. கோடு விழுந்ததற்காக இல்லை. கோடு விழுந்ததை நான் தட்டிப் பார்க்கவில்லை. யாரோ போட்ட கோட்டை அப்படியே நம்பி, எட்டுப் பெண்களை உடைசல் குவியலில் வீசியிருக்கிறேன். ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் உயிரோடு இருந்திருந்தால் என் முகத்தில் விழித்திருக்க மாட்டார்.

செவ்வாய்க்கிழமை சென்டர் திறக்கும்போது மகளும் நானும் வாசலில் நின்றோம். அந்தப் பெண் சாவியைத் திருப்பிக்கொண்டே, "நான் அன்னைக்கே சொன்னனே பெரிப்பா" என்றாள்.

"சொன்ன. நான்தான் கேக்கல. இப்ப ஒண்ணு சொல்லு. கோடு போடுறது யாரு?"

"யாருமில்ல. உள்ள ஒரு அகராதி இருக்குது. அதுல இல்லாத வார்த்தைக்குக் கோடு."

"எந்த ஊரு அகராதி?"

அவள் எதையோ திறந்து பார்த்தாள். "அமெரிக்கா" என்றாள். "பெட்டி வாங்கினதுலேருந்து அப்படியேதான் இருக்குது. நான் மாத்தல."

"மாத்தலாமா?"

"இங்கிலீஷுலயே நாட்டுக்கு ஒண்ணு இருக்குது பெரிப்பா." விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா.

"நம்மளுது?"

"இந்தியான்னும் போட்டிருக்குது." அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை அமுக்கினாள். "போர்டு மட்டும் மாட்டியிருக்காங்க. கடையில சரக்கில்ல."

மேசை இழுப்பறையைக் குடைந்து ஒரு சிடி எடுத்தாள். அதில் பிரிட்டிஷ் அகராதி இருந்தது. அதை ஏற்றுவதற்குள் கரண்டு போய், வந்து, மறுபடி முதலிலிருந்து. பத்தரை மணிக்கு ஏறியது. எங்கள் ரிப்போர்ட்டைப் புதிதாக அடித்தாள். நிறம், மெருகு என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தைகளை அமெரிக்காக்காரன் வேறு மாதிரி எழுதுவானாம், அந்த இடங்களில் சில கோடுகள் போயின. எட்டுப் பெயரும், எட்டு ஊரும், புருஷன் பேர் தகப்பன் பேரும் அப்படியே சிவப்பாக நின்றன.

"இதுக்கு எந்த நாட்டு அகராதியும் ஒதவாது" என்றாள். "நாமதான் சேக்கணும். ஒண்ணொண்ணா."

"அப்ப ஒண்ணொண்ணா தட்டு" என்றேன்.

அப்படித்தான் செய்தோம். அந்தப் பெண் சிவப்பு விழுந்த வார்த்தையை வாய்விட்டுப் படிப்பாள். மகள் ரேஷன் கார்டைப் பார்த்து இங்கிலீஷில் எழுத்தெழுத்தாகச் சொல்வாள். என் மகள் எட்டாவது வரை போனவள், இங்கிலீஷ் எழுத்துத் தெரியும். ஒத்துப்போனால் நான் "சேத்துக்க" என்பேன். கோடு போய்விடும். தொரசானியின் பெயர் சேர்ந்தபோது மூன்று பேரும் சிரித்தோம். கருவேப்பிலங்குறிச்சிக்கு மட்டும் ஏழெட்டு நிமிஷம் ஆனது.

ரிப்போர்ட்டு முடிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் என்னா பெரிப்பா?"

"கம்மாபுரம் போட்டுப் பாரு."

போட்டாள். சிவப்பு.

"இது உங்க ரிப்போர்ட்டுல இல்லியே."

"இதுல இல்ல. நாளைக்குக் கம்மாபுரத்துக்காரன் வந்து உக்காருவான்ல? என்ன மாதிரி ஒருத்தன், அது சொல்றத வைன்னு சொன்னா நீ வச்சிடுவ."

"வைக்க மாட்டன் பெரிப்பா. பட்டது போதும்."

"நீ இல்லாதப்ப வேற ஆளு இருக்கும். போடு."

சரக்கு ஏற்றி அனுப்பிய நாட்களில் எந்த ஊருக்கு எத்தனை கூடை வைக்கோல் சுற்றிப் போனது என்று எனக்குத் தலைக்குள் இருக்கும். அந்த வரிசையிலேயே சொன்னேன். ஆலடி, பரவளூர், ராஜேந்திரபட்டினம், ஸ்ரீமுஷ்ணம். ராஜேந்திரபட்டினத்துக்குப் போன வண்டி ஒருமுறை ஓடையில் கவிழ்ந்து ஜாடிகளெல்லாம் மிதந்து போனதும், வழியில் ஆளாளுக்கு ஒன்று பிடித்துக்கொண்டதும் நினைவு வந்தது. சொன்னேன். அவள் அடித்துக்கொண்டே கேட்டாள். பெண்ணாடம் வந்தபோது, "அது எப்பவோ சேத்துட்டன்" என்றாள், தலையைத் தூக்காமல். மறுநாளும் போய் உட்கார்ந்தேன். மகள் வீட்டில், "அப்பா அங்க வேலைக்குச் சேந்துட்டாரு" என்று சொல்லியிருக்கிறாள்.

வியாழக்கிழமை ஃபிளாப்பியோடு மகளும் நானும் பேட்டை ஆபீஸுக்குப் போனோம். கிளார்க் நல்ல மனுஷன். சின்ன வயசு. ஃபிளாப்பியைப் போட்டுத் திறந்தார்.

எல்லாக் கோடும் திரும்ப நின்றது.

நாங்கள் சேர்த்ததெல்லாம் ஜங்ஷன் ரோட்டுப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, ஃபிளாப்பியில் ஏறி வராது என்று அப்போதுதான் தெரிந்தது. கிளார்க் உச்சுக் கொட்டினார்.

"மறுபடியும் தப்பாவே குடுத்திருக்கீங்களே. இருங்க, நானே திருத்திடறன்." கை மவுஸுக்குப் போனது.

நான் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். ஆபீஸில் அப்படிச் செய்யக் கூடாதுதான். அவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"சார், தட்டாம கழிக்காதீங்க."

"என்னாது?"

"செவப்பு விழுந்தா ரெண்டாவது ஆளு ஒருவாட்டி தட்டிப் பாக்கணும் சார். நீங்க படிங்க. அது சரியா இல்லியான்னு நாங்க சொல்றம். அப்பறமா என்னா வேணா பண்ணுங்க."

"இத்தினியும் படிக்கச் சொல்றீங்களா? நாளைக்குக் கமிட்டி பெரியவரே. எனக்கு வேற வேலயே இல்லியா?"

"எட்டுப் பேரு சார். நான் நின்னுக்கறன்."

நிற்கவும் செய்தேன். அவர் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தவர், முதல் பெயரைப் படித்தார். மகள் ரேஷன் கார்டை அவர் முன்னால் வைத்து விரலால் தொட்டாள். "சரி சார், அது நான்தான்." இரண்டாவது. "சரி சார்." தொரசானியின் முறை வந்ததும் அவரே, "இவங்கதான அன்னைக்கு வெள்ளக்காரங்களா இருந்தவங்க" என்றார். ஊர்கள், புருஷன் பேர், தகப்பன் பேர். ஒன்றும் பொத்தென்று கேட்கவில்லை. கடைசியில், ஆபீஸ் உபயோகத்துக்கு என்று அவர் தன் பெயரை அடித்தார். அதற்குக் கோடு விழவில்லை.

மகள் அதைக் கவனித்துவிட்டாள்.

"உங்க பேருக்கு மட்டும் எப்படி சார் கோடு விழல?"

அவருக்கு லேசாக வெட்கம். "வேலைக்கு வந்த அன்னைக்கே சேத்துட்டன். தெனமும் செவப்பா பாக்க ஒரு மாதிரியா இருந்துது."

"அப்ப எங்களையும் சேத்துடுங்க சார்" என்றாள் மகள்.

அவர் முதல் பெயருக்குப் போனார். கிளிக். இரண்டாவது. கிளிக். எட்டும் முடிந்து ஊர்களுக்கும் போனார். நான் சும்மா இருக்க முடியாமல், "ஜங்ஷன் ரோட்டுல இன்னும் ஒரு மூட்ட ஊரு இருக்குது சார், கேட்டா அந்தப் பொண்ணு குடுக்கும்" என்றேன். மகள் என் முழங்கையைக் கிள்ளினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷெட்டு எங்கள் குழுவுக்கு என்று சொன்னார்கள். தொரசானி பழமலைநாதர் கோயிலில் தேங்காய் உடைத்தாள்.

பொதுச் சூளையில் முதல் முறை வந்து, சரக்கு இறங்கிய காலையில் செக்கர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அகல்கள் பலகையில் இன்னும் சூடாக இருந்தன. பழைய சிவப்புப் பென்சிலைச் சீவி எடுத்துப் போயிருந்தேன். முதல் வரிசையிலேயே ஒன்று பொத்தென்றது. அடியில் கோடு இழுத்து ஓரமாக வைக்கப் போனேன்.

"இங்க குடுங்கப்பா" என்று மகள் கையை நீட்டினாள்.

வாங்கி, உள்ளங்கையில் நிறுத்தி, விரல் முட்டியால் தட்டினாள். இன்னொரு தட்டு. தலையை ஆட்டிவிட்டு அவளே குவியலில் போட்டாள்.

"ம். அடுத்தது."