எங்கே போறே என்று கேட்கும் ஊர்

இந்த ஊரில் நான் மனம்விட்டுப் பேசும் ஒரே ஜீவன் கரடி. கனடாவின் மேற்குக் கரையில், சுற்றுலா வருகிறவர்களைக் கயாக் படகில் தீவுகளுக்குக் கூட்டிப்போய்க் காடு சுற்றிக் காட்டும் வழிகாட்டி வேலை எனக்கு. சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம், காட்டில் சத்தமாகப் பேசிக்கொண்டே நடக்க வேண்டும் என்பது. ஆள் வருவது தெரிந்தால் கரடி தானாக விலகிவிடுமாம். என்ன பேசுவது என்று யாரும் சொல்லவில்லை. நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! "இன்னா மாமு, துன்னியா? நாங்க வந்துகினு கீறோம், கொஞ்சம் ஓரமா போ" என்று ராயபுரத்துப் பாஷையில் ஆரம்பித்துவிடுவேன். பின்னால் வரும் வெள்ளைக்காரர்கள் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்துப் பயபக்தியோடு நடப்பார்கள். கல்லூரியில் இதே பாஷைக்கு வகுப்பே சிரித்தது.

எங்கள் வீடு அதே ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கம். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். அம்மா அங்கேயே ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறாள். வேலை கிடைத்ததும் அவளுக்குப் போன் செய்தேன்.

"கடலுக்கு ஆளுங்கள இட்டுனு போவியா? இன்னா மீனு கெடைக்கும்?"

"மீன்லாம் புடிக்க மாட்டோம்மா. சும்மா சுத்திட்டு வருவோம்."

"சும்மாவா? அதுக்கு அவுங்களுக்கு நீ துட்டு குடுப்பியா?"

"அவுங்கதான் எங்களுக்குக் குடுப்பாங்க."

"உங்க மொதலாளி வெவரமான ஆளுதான்" என்றாள்.

அந்த முதலாளியின் பெயர் லோர்னா. கோடை முடிவதற்குள் ஒரு நாள் அவளே பயணியாக என் குழுவில் வருவாள். அவளுக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வேலையோடு விசாவும் போகும், மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனால் என் பயம் விசாவுக்காக மட்டும் இல்லை. எங்கள் வீட்டில் பெண்கள் கரையோடு சரி, கடல் எங்களுக்குக் கூடையில்தான் வரும். வாழ்க்கையில் முதல் தடவையாக நானே தண்ணீரில் இறங்கியிருந்தேன். அதை விட்டுப்போக எனக்கு மனசே இல்லை.

எல்லா வேலையும் பழகிவிட்டது, ஒன்றைத் தவிர. படகைத் தள்ளுமுன் ரேடியோவில் ஆபீசைக் கூப்பிட்டு எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்ல வேண்டும். இது நமக்கு ஆகுமா? கடலுக்குக் கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போறே என்று கேட்பது எங்கள் வீட்டில் வாயில் வரக் கூடாத வார்த்தை, போகிறவர் சொல்வதும் ஆகாது. தப்பித் தவறி யாராவது கேட்டுத் தொலைத்தால் நைனா வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். கேட்ட புண்ணியவானுக்கு அம்மாவிடம் தனியாகக் கிடைக்கும். அதனால் இங்கே ரேடியோ நேரம் வந்தால் எனக்கு ஏதாவது ஒரு கயிற்றில் முடிச்சு சரிபார்க்கிற அவசரம் வந்துவிடும். கூட வரும் மூத்த வழிகாட்டி பேசிவிடுவார்.

லோர்னா வந்த பரீட்சை நாளன்று அவர் இல்லை. லைஃப் ஜாக்கெட்டெல்லாம் இழுத்துப் பார்த்து, எல்லோரையும் கயாக்கில் உட்கார வைத்து, ரேடியோவில் "கிளம்புகிறோம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். லோர்னா திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி, "எங்கே போகிறோம்?" என்றாள்.

என் கால் தானாக இறங்கியது. கரையேறினேன், ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தேன், பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் மொத்தக் குழுவும் எனக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது! பாட்டில் கொண்டுவராத பல் டாக்டர் ஒருவர் மனைவியிடம் கடன் வாங்கிக் குடித்தார். லோர்னா மட்டும் கயாக்கில் வாயைப் பிளந்தபடி இருந்தாள். ரேடியோவை எடுத்து அவளே சொல்லி முடித்தாள்.

மாலையில் விளக்கம் கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "சரி, திரும்பி வராவிட்டால் எங்கே தேடுவார்கள்?" என்று கேட்டாள்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு மழைக்காலம், நைனாவின் படகு திரும்பவில்லை. தேடப் போகிறவர்கள் வாசலுக்கு வந்து, "வடக்கால போனாரா, தெக்காலயா?" என்று கேட்டார்கள். அம்மாவுக்குத் தெரியாது. கேட்காமல் விட்டதற்குத் தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இஞ்சின் கெட்டு ஆந்திரா பக்கம் ஒதுங்கிய நைனா, லாரி பிடித்துத் தாடியும் மீசையுமாக வந்து சேர்ந்தார். அடுத்த தடவை அவர் கடலுக்குக் கிளம்பியபோது அம்மா வாசலில் நின்றாள். அப்போதும் கேட்கவில்லை.

"நாளைக்கு இன்னொரு தடவை. சொன்னால்தான் வேலை" என்றாள் லோர்னா.

மறுநாள் சொன்னேன். கிழக்குத் தீவுக்குப் போகிறோம், மூன்று மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் வடக்கு முனையில் தேடுங்கள் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வானம் இடிந்து விழவில்லை. ஆனாலும் நாள் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் துடுப்பு போட்டேன். திரும்பியதும் லோர்னா கை குலுக்கி, "இனி நீ தனியாகப் போகலாம்" என்றாள். இன்னொரு கூத்தும் நடந்தது. பல் டாக்டர் எங்கள் தண்ணீர்ச் சடங்கை ஆஹா ஓஹோ என்று புகழ்ந்து தள்ளியதில், கிளம்புமுன் எல்லோரும் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பது இப்போது கம்பெனியின் சட்டம். உடம்புக்கு நல்லதாம்.

அம்மாவிடம் சொன்னபோது, "அய்யய்யோ, வாய்லயே போட்டுக்கடி!" என்று கத்தினாள். அப்புறம் குரல் இறங்கியது. "ஏதாச்சும் ஒண்ணு ஆச்சின்னா, எங்க தேடணும்னு அவுங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்ப சொல்லிட்டே போ."

நேற்று மாலை கயாக்குகளைக் கரையில் இழுத்துப்போட்டுக்கொண்டிருந்தேன். காசிமேட்டில் பொழுது விடியாத நேரம், படகுகள் கிளம்பும் நேரம். போனில் அம்மாவின் குரல்பதிவு வந்தது. "உங்க நைனா கெளம்பிட்டாரு. நான் கேக்கலடி, சத்தியமா கேக்கல. படி எறங்கசொல்ல அவராத்தான் சொன்னாரு, வடக்கால, பழவேற்காட்டுக்கு அந்தாண்ட போறேன், வெள்ளிக்கெழம வந்துருவேன்னு."

கையில் ரேடியோ இருந்தது. ஆபீசைக் கூப்பிட்டு, எல்லோரும் திரும்பிவிட்டோம் என்று சொல்ல வேண்டும். சொன்னேன். ஈரக் காலோடு அங்கேயே நின்றேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் கரையேறியதாகக் கணக்கில்லை.