எல்லாரும் வேண்டாம் என்ற கதவு எண்

பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகள் தங்கள் தெருவுக்கு என்ன சேவை செய்யலாம் என்று கேட்டால் என்னிடம் பதில் தயாராக இருக்கிறது. அந்தத் தெருவில் அதிகமாகப் பயப்படுகிற ஆள் யார் என்று விசாரித்து, அவரிடம் போய்க் கேளுங்கள். எது எது கெட்டுப்போகும் என்று அவருக்குத்தான் தெரியும். எங்கள் தெருவில் அந்த ஆள் நான்.

எழுபதுகளின் தொடக்கம். கொரட்டூர் ஏரிக்கு இந்தப் பக்கம், நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றதில் உண்டான தெரு எங்களுடையது. ஒரு பக்கம் பதினான்கு, எதிர்ப்பக்கம் பதினான்கு என்று இருபத்தெட்டு வீடுகள். ஒன்றுக்கும் எண் கிடையாது. தபால்காரர் எல்லாக் கடிதங்களையும் முனையிலிருந்த மளிகைக் கடையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு சைக்கிளைத் திருப்பிக்கொள்வார். கடைக்காரர் அவற்றைப் பருப்பு மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் செருகி வைப்பார். சாமான் வாங்கப் போகும்போது அவருக்கு நினைவு வந்தால் கடிதம் கிடைக்கும்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், வீட்டைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அம்மா தேறி எழுந்தபோது என் வகுப்புப் பிள்ளைகள் வெகுதூரம் போயிருந்தார்கள். திரும்பப் போய்ச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார எனக்குக் கூச்சம். பதினெட்டு வயதானபோது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மோட்டார் காயிலுக்குக் கம்பி சுற்றும் வேலைக்குப் பெண்களை எடுத்தார்கள். எட்டாவது போதும் என்றார்கள். எழுதிப் போட்டேன். நேர்முகத்துக்கு வரச் சொல்லி கார்டும் வந்தது. ஆனால் என் கைக்கு வந்தபோது தேதி முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் என் அப்பாவின் பெயரில் மூன்று பேர். கடைக்காரர் அதை வேறொருவரிடம் கொடுத்திருக்கிறார். அவர் வீட்டில் பெண் பிள்ளையே கிடையாது. ஆனாலும் வாங்கிப் பரணில் வைத்துவிட்டார்.

அடுத்த வருடம் அதே கம்பெனி மறுபடியும் ஆள் எடுத்தது. அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"இதான் கடைசி தபா. இதுவும் பூட்சின்னா அப்பால வேல கீலன்னு என்னாண்ட பேசக்கூடாது."

விண்ணப்பத்தில் கதவு எண் என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டால் பழைய கதைதான். ஸ்டேஷன் பக்கத்து முனையிலிருந்து வீடுகளை எண்ணினேன். ஒரு தடவை எண்ணி நம்புகிற ஆள் நானில்லை. மூன்று நாள் காலையில் தண்ணீருக்குப் போகும்போதும் எண்ணினேன். முதல் வீடு, அந்த நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்ற விவசாயக் குடும்பத்தினுடையது. அதை ஒட்டி அவர்களுடைய மாட்டுக் கொட்டகை. கொட்டகையைச் சேர்த்தால் எங்கள் வீடு ஒன்பது, சேர்க்காவிட்டால் எட்டு. மாட்டுக்கு யாரும் கடிதம் போடப்போவதில்லை என்று முடிவு செய்து, எட்டு என்று எழுதி, ஸ்டேஷன் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன்.

போட்ட பிறகுதான் உறைத்தது. நான் எண்ணிக்கொண்டேன், சரி. அந்த எட்டு எங்கே இருக்கிறது? சுவரிலா, கதவிலா? என் தலைக்குள் மட்டும்தான். வீட்டிலும் சொல்லவில்லை.

அந்த வாரம்தான் பதினொன்றாம் வகுப்பில் இருந்த என் தம்பி புத்தகப் பையை வீசிவிட்டு வந்து உட்கார்ந்தான். நாலு நாலு பேராகச் சேர்ந்து அவரவர் தெருவுக்கு ஒரு சேவை செய்யவேண்டும், செய்ததை நோட்டில் எழுதிக் காட்டினால்தான் கையெழுத்து என்று வாத்தியார் சொல்லிவிட்டாராம். அவனோடு இன்னும் மூன்று பையன்கள். எல்லாரும் எங்கள் தெரு, அவன் பின்னாலேயே வந்திருந்தார்கள்.

"மரம் நடலாம்னு கீறோம்க்கா."

"முதல் ஊட்டு ஆடு எத்தினி கீது தெரியுமா? நீ நட்டுட்டு கை கழுவி வர்றதுக்குள்ள துன்னுட்டிருக்கும்."

"ஏரிக்கரைய சுத்தம் பண்லாமா?"

"காலைல பண்ணு. மறுநாள் காலைல எல்லாரும் சொம்பு எடுத்துகினு அங்கதான் போவாங்க. அப்போ மூஞ்ச எங்க வெச்சுப்ப?"

"பெரியவங்களுக்கு எயுதப் படிக்கச் சொல்லித் தரலாம்," என்றான் இன்னொரு பையன். அவனுக்கு அதில் உண்மையாகவே ஆசை இருந்தது.

"யாருக்கு? உங்க அம்மாவுக்கா? சாயங்காலம் அவங்க அடுப்ப நீ பாத்துக்கிறியா?"

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்த சொன்னாலும் நொட்ட சொல்லிகினே கீற. அப்போ நீயே சொல்லேன், இன்னா பண்றது?"

வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தது போலச் சொன்னேன். "நம்பர் போடுங்க. கதவுக்குக் கதவு. முதல் ஊட்லேந்து ஆரம்பிச்சு."

"அதுல இன்னா சேவை கீது?"

கார்டு பரணுக்குப் போன கதையை எடுத்துவிட்டேன். போன மழைக்கு எதிர்வரிசையில் ஒரு சாவுத் தந்தி, ஆளைத் தேடித் தெருவில் மூன்று கதவைத் தட்டி மூன்று வீட்டையும் அழவைத்ததை நினைவுபடுத்தினேன். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவனுடைய அப்பா பட்டறையில் வேலை. கறுப்பு பெயிண்ட் அரை டப்பா கிடைக்கும் என்றான். முடிந்தது.

என் வேலை முடியவில்லை. பையன்கள் வரும்முன் முதல் வீட்டுக்குப் போய், கொட்டகைக்கு எண் கிடையாது என்று பேசி முடித்தேன். அந்த வீட்டுப் பெரியவர், "எங்க நெலத்துலதான் இந்தத் தெருவே கீது. ஒண்ணாம் நம்பர் எனக்கு வந்தா சரி. மாட்ட நான் சமாதானம் பண்ணிக்கிறேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை ஆரம்பித்தது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு சாண் அளவுக்குச் சுண்ணாம்பு அடித்துக் காயவிட்டு, அதன்மேல் கறுப்பில் எண். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாம் வீட்டுக்காரர் மூன்று ராசியில்லை என்று முனகினார், ஆனால் கறுப்புக் காய்ந்தபின் தள்ளி நின்று ரசித்தார். ஐந்து, ஆறு. ஆறுக்காரர் முருகன் நம்பர் என்று பையன்களுக்குப் பொரி கொடுத்தார். ஏழு முடிந்து எங்கள் வாசலுக்கு வந்தார்கள். என் அம்மா முறத்தோடு வெளியே வந்தாள்.

"இன்னா நம்பர்டா?"

"எட்டும்மா," என்றான் தம்பி.

"சனி நம்பரா! என் ஊட்லயா? பெத்தவ ஊட்டுக்கே எட்டு போடறியே, உனுக்கு இன்னாடா நான் கெடுதல் பண்ணேன்? ஒம்பது போடு."

வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. அவர்களும் எட்டு ஆகாது என்றார்கள். எட்டாம் தேதி லாரி வாங்கி நொடித்துப்போன ஒருவரைப் பற்றி ஒருவர் சொன்னார். ஆனால் அடுத்த வீட்டுக்காரர், மில்லில் வேலை செய்தவர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"யக்கா, ஒம்பது என்னுது. காலைலேந்து நான் அதுக்குன்னே குளிச்சிட்டு கீறேன். நீ எடுத்துகினா எனுக்குப் பத்தாயிடும்."

"பத்துக்கு இன்னா கொறச்சல்? முழுசாதான கீது."

"முழுசா கீதுன்னா நீ எடுத்துக்கோ."

ஒரு பையன் சமயோசிதமாக, "ஏயு பை ஏ போட்டுடலாமா?" என்றான். ஏழாம் வீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வாய் மூடிக்கொண்டது. "எங்க ஊட்ல ஒண்டுக்குடி வந்தாங்களா அவங்க?"

கடைசியில் எல்லாருமாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். எட்டை விட்டுவிடுவது. எட்டு என்ற எண்ணே அந்தத் தெருவில் வேண்டாம். எங்கள் வீட்டுக்கு ஒன்பது. மில்காரருக்குப் பத்து, அவரைப் பிறகு சமாதானப்படுத்திக்கொள்ளலாம். தம்பி தூரிகையை டப்பாவில் தோய்த்தான்.

எனக்கு அந்த நிமிடம் இன்றும் தெளிவாக இருக்கிறது. அம்பத்தூரில் ஏதோ ஒரு மேசையில் என் காகிதத்தில் எட்டு என்று இருக்கிறது. அந்த எட்டைத் தேடி ஒரு கார்டு வரும். ஏழுக்கு அடுத்து ஒன்பதைப் பார்க்கும் தபால்காரர் சைக்கிளை மளிகைக் கடைக்குத் திருப்புவார். பருப்பு மூட்டை. பரண். எட்டு ராசி கெட்டது என்று எனக்குந்தான் பயம். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கக்கூட யோசிக்கிறவள் நான். ஆனால் ஒரு பயத்தை விட இன்னொரு பயம் பெரிதாக இருந்தால் மனுஷிக்குத் தைரியம் தானாக வந்துவிடுகிறது.

"எட்டுதான் போடணும்," என்றேன். "நான் அப்ளிகேஷன்ல எட்டுன்னு எயுதிப் போட்டுட்டேன்."

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"எப்போ?"

"போன வாரம்."

"நம்பரே இல்லாத ஊட்டுக்கு?"

"எண்ணிப் பாத்துதான் எயுதுனேன். நாலு தபா எண்ணுனேன்."

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். கூட்டத்தில் எவரோ சிரித்துவிட்டார். அம்மா சிரித்தவர் பக்கம் திரும்பினாள், பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். போன வருடம் அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அடுப்படியில் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

"போட்டுக்கோ," என்றாள். "ஆனா என் புள்ள கையால வேணாம்."

தம்பி தூரிகையை என்னிடம் நீட்டினான். எட்டாவது படித்து முடித்தபின் நான் அத்தனை பெரிதாக எதையும் எழுதியதில்லை. தூரிகை பிடித்துப் பழக்கமில்லாததில் மேல் வட்டம் சின்னதாகவும் கீழ் வட்டம் பெரிதாகவும் வந்தது, பூசணிக்காய் மேல் எலுமிச்சை வைத்ததுபோல. எட்டு என்று தெரிந்தது. அது போதும். பையன்கள் ஒன்பது எழுதி முடிக்கும் வரை மில்காரர் தன் வீட்டுச் சுவரை விட்டு நகரவில்லை.

எதிர்வரிசையில் பதினேழு வந்தபோது அந்த வீட்டுக்காரர் கணக்குப் போட்டார். ஒன்றும் ஏழும் எட்டு. தனக்கும் வேண்டாம் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தெருவைத் தாண்டிப் போய்விட்டாள்.

"எங்க ஊட்ல முழு எட்டு கீது. உனுக்குக் கூட்டுனாதான வருது? கூட்டாம வுடு, அண்ணாத்தே."

இருபத்தாறாம் வீட்டில் யாரும் கூட்டவே இல்லை.

அம்மா ஒத்துக்கொண்டாள் என்று நான் நிம்மதியாக இருந்தது ஒரு ராத்திரிதான். மறுநாள் காலையில் பார்த்தால் கண்ணேறு படாமல் இருக்க ஒரு கற்றாழையை வேரோடு பிடுங்கித் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். நிலைப்படிக்கு நடுவில் இல்லை. சரியாக என் எட்டுக்கு மேலே. நல்ல கொழுத்த கற்றாழை. எண்ணில் ஒரு பொட்டுக்கூட வெளியே தெரியவில்லை.

நான் தள்ளி விடுவேன். அம்மா இழுத்து விடுவாள். இருவரும் இதைப் பற்றிப் பேசவில்லை. தபால்காரர் வரும் பதினோரு மணி வாக்கில் அரிசி புடைப்பது, கீரை ஆய்வது என்று ஏதாவது ஒரு வேலையை வாசலுக்குக் கொண்டுவந்து, கற்றாழையை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். இப்படி இரண்டு வாரம். வீட்டுக்குள் அம்மா எட்டு என்ற சொல்லையே சொல்வதில்லை. பையன்கள் யாராவது வந்தால், "அந்த நம்பர்" என்பாள்.

ஒரு நாள் குழாயில் கூட்டம். என் குடம் வரிசையில் பாதியில் நிற்கிறது. தெருமுனையில் தபால்காரர் சைக்கிள் திரும்பியதைப் பார்த்தேன். எண் போட்டபிறகு அவர் கடையில் நிற்பதில்லை, பிள்ளைகள் செய்ததற்கு மரியாதையாகவோ என்னவோ, வீடு வீடாக வந்துகொண்டிருந்தார். குடத்தை விட்டுவிட்டு ஓடினேன். ஏழில் நின்றார். எங்கள் வாசலைத் தாண்டினார். ஒன்பதைப் பார்த்தார். மறுபடி ஏழைப் பார்த்தார்.

"இன்னாபா இது, ஏயு கீது, ஒம்பது கீது," என்று தெருவுக்குப் பொதுவாகக் கத்தினார். "எட்டு எங்கம்மா?"

நான் இன்னும் நாலு வீடு தள்ளி இருந்தேன். மூச்சு வாங்கியதில் குரல் வரவில்லை.

அம்மா உள்ளேயிருந்து ஈரக் கையோடு வந்தாள். கற்றாழையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள்.

"இதான் எட்டு," என்றாள். "எட்டு இங்கதான் கீது. குடு."

நேர்முகத்துக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. நான் அந்தத் தேதியையும் நாலு தடவை பார்த்தேன். அம்மா கார்டை மாடத்தில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். பிறகு மறந்துவிடப்போகிறோம் என்று அவளே எடுத்து என் கையில் கொடுத்தாள்.

தம்பியின் நோட்டை நான் பிறகு பார்த்தேன். இருபத்தெட்டு வீடுகள், நாங்கள் எழுதியது இருபத்தேழு, ஒன்றை என் அக்கா எழுதினாள் என்று எழுதியிருந்தான். கீழே வாத்தியாருடைய கையெழுத்து. கம்பெனியில் என்னை எடுத்துக்கொண்டார்கள். முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது கற்றாழை ஒரு முழம் நகர்ந்து, நிலைப்படிக்கு நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது.