தரையைப் பார்த்த நடுவர்

மார்ச் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, மாலை நாலேகால் மணிக்குக் கிடங்கு மேற்பார்வையாளர் அந்த நடுவரை முதன்முதலாகப் பார்த்தார். நாலரைக்கெல்லாம் அந்த ஆள் விலைபோனவர் என்று முடிவு கட்டிவிட்டார்.

தொழிலாளர் கூடைப்பந்துத் தொடரின் முதல் ஆட்டம் அது. சரக்குக் கிடங்கு அணிக்கு மேற்பார்வையாளரே பயிற்சியாளர். அணியின் உயிர்நாடி அவருடைய மச்சினன். ஒப்பந்தத்தில் பெட்டி சுமந்துகொண்டிருந்த அவனை, அணி கோப்பை வாங்கினால் நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் வாக்குக் கொடுத்திருந்தது. ஆனால் அவன் பந்தைப் பிடித்துக் கிளம்பும்போதெல்லாம் விசில் ஒலித்தது. நடுவர் இரு முஷ்டிகளையும் ஒன்றையொன்று சுற்றவைத்துக் காட்டுவார்: டிராவல், பந்தோடு கால் நகர்ந்த தப்பு. பந்து எதிரணிக்குப் போய்விடும்.

விதி மேற்பார்வையாளருக்குத் தெரியாததல்ல. பந்தைப் பிடித்து நின்றவன் ஒரு காலை ஊன்றிவிட வேண்டும். மற்றக் காலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். தட்டிக்கொண்டு ஓடுவதென்றால், ஊன்றிய கால் எழுமுன் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். இது தெரியாமலா பையன் ஆடுகிறான்?

போதாக்குறைக்கு, பந்து கூடையருகே பறந்தாலும் நடுவரின் தலை நிமிராது. கண் தரையிலேயே இருக்கும். பையன்கள் அவருக்குப் 'புதுப்பொண்ணு' என்று பெயர் சூட்டினார்கள்.

"ஆட்டத்தைப் பாக்கவே மாட்டேங்கறான். பின்ன எப்படி ஊதறான்? முன்னாடியே பேசி வெச்சுருக்கான்" என்று மேற்பார்வையாளர் வீட்டில் பொருமினார்.

மனைவி துணி மடித்துக்கொண்டே, "என் தம்பி பொழப்பு உங்க கையில இல்ல. அந்தாளு வாயில இருக்கு" என்றாள்.

அவர் துப்புத் துலக்கினார். நடுவர் பகலில் காலணிக் கடை விற்பனையாளர். ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரர். முழங்கால் போனபின் விசிலைப் பிடித்தவர். கடைக்கு மேல்மாடியில் அக்காவோடு குடியிருந்தார். மறுவாரம் மேற்பார்வையாளர் கடையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார். அடுத்த எதிரணியான ரொட்டித் தொழிற்சாலையின் அணித்தலைவன் நாற்காலியில் சாய்ந்திருக்க, நடுவர் முக்காலியில் உட்கார்ந்து அவன் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தியோடு மேற்பார்வையாளர் வீடு திரும்பினார்.

அடுத்த ஆட்டத்திலும் விசில். இடைவேளையில் குடிநீர்க் குழாயருகே நடுவரை மறித்தார்.

"ரொட்டிக்காரங்க எவ்வளவு குடுத்தாங்க?"

"ஒரு ஜோடி ஷூ விலை. கடை முதலாளிகிட்ட."

"நக்கலா? எங்க பையன் காலுல தப்பு இருந்தா, ரெண்டு டீமும் பாக்க நடு மைதானத்துல நின்னு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

நடுவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "சரிங்க. உங்க பேச்சு என்கிட்ட இருக்கட்டும்."

மேற்பார்வையாளர் சாட்சி திரட்டினார். இரண்டாம் பாதி முழுவதையும் கைப்பேசியில் படமெடுத்து, புகார் கொடுக்குமுன் கிடங்கு அலுவலகத்தில் வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பார்த்தார். மச்சினனின் ஊன்றிய கால் எழுந்தது. பந்து இன்னும் கையில். மறுபடி ஓட்டினார்; அதேதான். மற்றப் பையன்களும் அப்படியே. எதிரணிக் கால்கள் மட்டும் ஆணியடித்தாற்போல் நின்றன.

அவர் தலையைத் தூக்கியபோது, ஜன்னலுக்கு வெளியே மச்சினன் பெட்டியோடு லாரிப் பக்கம் திரும்பினான். முதலில் கால், பிறகு பெட்டி. அவனுக்கு மேலே சுவரில், மேற்பார்வையாளரே மாட்டிய பலகை: 'பாரத்தோடு இடுப்பைத் திருப்பாதே. காலை எடுத்து வைத்துத் திரும்பு.' யாருக்கும் முதுகு பிடித்துக்கொள்ளக் கூடாதென்று தொண்டை கிழியக் கத்தி அவர் பழக்கிய பாடம். கையில் எது இருந்தாலும் அந்தக் கால்கள் முந்திக்கொண்டு கிளம்பின.

"மாப்ள, இங்க வா. கையில பெட்டி இருந்தா காலை எடு. பந்து இருக்கும்போது எடுத்தே, காலை உடைச்சுடுவேன்."

"காலை எடுக்கலைன்னாதான் உடைப்பேன்னு இத்தனை நாளா சொன்னீங்க, மாமா."

அன்று முதல் பயிற்சியில் ஊன்றிய காலுக்கடியில் ஓர் அட்டைத் துண்டு. ஒருவன் அதை இழுத்துக்கொண்டே இருப்பான். பந்து கையை விடுமுன் அட்டை உருவிக்கொண்டால் மறுபடி முதலிலிருந்து.

இறுதி ஆட்டத்தில் மச்சினனுக்கு ஒரு விசில்கூட ஊதவில்லை. ஒரே கூடை வித்தியாசத்தில் கோப்பை வந்தது, வேலையும் நிரந்தரமானது. நடுவர் தன்னை நடு மைதானத்துக்கு அழைப்பார் என்று மேற்பார்வையாளர் காத்திருந்தார். நடுவர் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஏன் கேட்கவில்லை? இதைவிடப் பெரிய கூட்டத்துக்காகச் சேமித்து வைக்கிறாரா? அதன்பின் ஒவ்வொரு தொடரிலும் மேற்பார்வையாளர் இப்படித்தான் காத்திருந்தார். தானாகப் போய்ச் சொல்லவோ வாய் வரவில்லை. ஒருமுறை ஷூ வாங்கும் சாக்கில் கடைக்கே போனார். நடுவர் அவர் காலை அளந்து, "வலது கால் கொஞ்சம் பெருசு. அதுக்கே எடுத்துக்குங்க" என்றார். இதில் என்ன உள்குத்து என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டார்.

நடுவரும் அக்காவும் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்த காலையில் கிடங்கு லாரியை டிரைவரோடு கூட்டிக்கொண்டு வந்து நின்றவர் மேற்பார்வையாளர்தான். கடைசிப் பெட்டியோடு மாடிப்படியில் இறங்கத் திரும்பியபோது, நடுவரின் கண் வழக்கம்போல் அவர் காலில் இருந்தது. இப்போது கேட்டுவிடுவார் என்று மேற்பார்வையாளர் அப்படியே நின்றார்.

"பாத்துங்க, கீழ்ப்படி ஆடும்" என்றார் நடுவர்.

லாரி தெருமுனை திரும்பும்வரை மேற்பார்வையாளர் நின்று பார்த்தார். மன்னிப்புக் கேட்பதாகக் கொடுத்த அந்தப் பேச்சும் அதிலேயே போனது. கொடுத்தவரிடம் அதை நடுவர் கடைசிவரை கேட்கவில்லை.